வெர்லினின் பின் பிரேக்

வெர்லினின் கார் ரேஸ் தடத்தின் வாசலில், தண்ணீர் ஊற்றி வைத்த பள்ளத்தில் நின்று புகைந்துகொண்டிருந்தது. புகைய வேண்டியது பின் டயர். புகைந்தது பின் பிரேக்.

"யோவ் வெர்லின், டயரச் சூடு பண்ணச் சொன்னா காரையே சமைக்கிறியே," என்றான் பக்கத்துக் கார்க்காரன் கர்ட்.

கான்சாஸில் எங்கள் ஊர்த் தடம் கால் மைல் நேர்கோடு. கண் மூடித் திறப்பதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். அதற்கு முன்னால் பின் டயரை நனைத்து, நின்ற இடத்திலேயே சுற்றவிட்டுச் சூடேற்ற வேண்டும். சூடான ரப்பர்தான் தரையைப் பிடிக்கும். வெர்லின் இடது காலால் பிரேக்கையும் வலது காலால் ஆக்ஸிலேட்டரையும் ஒரே சமயத்தில் மிதிப்பார். முன் சக்கரங்கள் நிற்கும், சரி. ஆனால் அதே பெடல் பின் சக்கரங்களையும் பிடிக்கும். இன்ஜின் சுற்று என்னும், பிரேக் நில் என்னும். இந்தச் சண்டையில் சனிக்கிழமைதோறும் தேய்ந்துபோவது பின் பிரேக் ஷூ.

மற்றவர்களுக்கெல்லாம் காருக்கு முன்னால் நின்று கையசைத்து, "வா, வா, போதும், நேரா பின்னால போ" என்று வழிகாட்ட ஓர் ஆள் உண்டு. மனைவியோ தம்பியோ மச்சானோ. வெர்லினுக்கு யாரும் இல்லை. ரப்பர் நாற்றம் தாங்கவில்லை என்று மனைவி அரிசோனாவுக்குப் போய் வருஷக்கணக்காகிறது. வாரத்தில் ஒருமுறை ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொல்லும். வீட்டுக்குப் போனால் டப்பா சூப்பும் டிவியும்தான். மனிதர் தனியாகத்தான் இருந்தார், அது அவருக்கு வலிக்கத்தான் செய்தது.

திங்கட்கிழமை உதிரிபாகக் கடைக்குப் போனார். கவுண்டரில் ட்ரூடி. கணவனை இழந்தவள், மூக்கு நுனியில் கண்ணாடி, கடைக்கு வருகிறவன் வாயைத் திறப்பதற்குள் அவன் காரின் நோயைச் சொல்லிவிடுவாள்.

"மறுபடியும் பின் பிரேக் ஷூவா? அந்தக் காருக்கு என்னங்க பாவம் பண்ணுனீங்க?"

விஷயத்தைச் சொன்னார். லைன் லாக் என்று ஒரு சின்ன வால்வு இருக்கிறது, பொத்தானை அமுக்கினால் முன் பிரேக் மட்டும் பிடித்தபடி நிற்கும், பின் சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றும், பின் பிரேக்குக்கு ஒரு கீறல் விழாது என்று அவள்தான் விளக்கினாள். வெளியூரிலிருந்து வரவழைத்துத் தருகிறேன், ஒரு வாரம் ஆகும் என்றாள். அதுவரை ஒரு ஜோடி ஷூவைப் பொட்டலம் கட்டி, காப்பியும் ஊற்றிக் கொடுத்தாள். வெர்லின் அந்தக் காப்பியை மதியம் வரை குடித்தார்.

அடுத்த வாரம் லைன் லாக் வரவில்லை. கிடங்கில் தீர்ந்துவிட்டதாம். நம் ஆள் சும்மா இருக்கலாம் அல்லவா? பின் ஷூக்களைத் தளர்த்தி வைத்தால் தேயாது என்று கணக்குப் போட்டார். தேயவில்லைதான். ஆனால் ஓட்டம் முடிந்த இடத்தில் பெடல் தரைவரை போய், கார் நிற்காமல் அப்படியே மக்காச்சோளக் காட்டுக்குள் புகுந்தது. கதிர்களோடு திரும்பி வந்த காரைப் பார்த்து ஒலிபெருக்கிக்காரர் அறுவடை முடிந்ததா என்று ஊருக்கே கேட்கும்படி விசாரித்தார்.

"அப்போ கெட்டியான ஷூ போடுங்க," என்றாள் ட்ரூடி திங்கட்கிழமை. லைன் லாக் வந்ததாம், ஆனால் வேறு வண்டியுடையதாம்.

கெட்டியான ஷூ உடும்பாகப் பிடித்தது. பின் சக்கரம் அசையவே இல்லை. இன்ஜின் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. வரிசையில் காத்திருந்தவர்கள் இறங்கி வந்து, சேற்றுத் தண்ணீரில் கால் நனைய அவரைத் தள்ளினார்கள். தள்ளும்போது அவர்கள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

கர்ட்டுக்கே மனசு கேட்கவில்லை. வீட்டில் சும்மா கிடந்த தன் பழைய லைன் லாக்கைக் கொண்டுவந்து கொடுத்தான். "காசெல்லாம் வேண்டாம்பா. மாட்டு, எங்க கண்ணுக்கும் கொஞ்சம் ஓய்வு குடு."

வெர்லின் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். வாங்கி, டிக்கியில் ஸ்டெப்னி டயருக்கு அடியில் ஒளித்துவைத்தார்.

ஏன் என்று கேட்கிறீர்களா? அதை மாட்டினால் பிரேக் தேயாது. பிரேக் தேயாவிட்டால் திங்கட்கிழமை கிடையாது. அந்தக் கவுண்டரில் சாய்ந்து நிற்கும் நேரத்தை விட்டால் அந்த வாரம் முழுவதும் அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. சும்மா பார்க்க வந்தேன் என்று ஒரு பெண்ணிடம் சொல்ல எங்கள் ஊர் ஆண்களுக்கு வாய் வராது. கையில் தேய்ந்த பாகம் ஒன்று வேண்டும்.

இப்படியே கோடை போயிற்று. ட்ரூடியின் லைன் லாக் ஒரு வாரம் உடைந்து வந்தது, ஒரு வாரம் வழியில் தொலைந்தது. வெர்லின் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு "பரவாயில்லைங்க, மெதுவா வரட்டும்" என்பார். மனசுக்குள் அந்தக் கிடங்குக்காரனை வாழ்த்துவார்.

ஒரு சனிக்கிழமை டயர் பஞ்சராகி, உதவ வந்த கர்ட் டிக்கியைத் திறந்தான். ஸ்டெப்னியைத் தூக்கினான்.

"என்னய்யா இது?"

போல்ட்டு சேரவில்லை, நேரமில்லை என்று வெர்லின் ஏதேதோ உளறினார். கர்ட் கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, அங்கேயே காரைத் தூக்கி நிறுத்தி மாட்டியும்விட்டான்.

அன்று வெர்லின் பொத்தானை அமுக்கினார். முன் சக்கரம் ஆணியடித்ததுபோல் நின்றது, பின் டயர்கள் வெள்ளைப் புகையில் மறைந்தன. ஜனங்கள் கைதட்டினார்கள். ஓட்டத்திலும் அவரே ஜெயித்தார். முடிந்ததும் குனிந்து பின் பிரேக் டிரம்மைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது.

திங்கட்கிழமை போகவில்லை. சமையலறையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை, அந்தப் பெண்ணை இனியும் அலையவிடுவது நியாயமில்லை என்று தீர்மானித்துக் கிளம்பினார். ஆர்டர் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். கர்ட் கொடுத்ததை இத்தனை நாள் ஒளித்துவைத்ததையும் சொல்லிவிட வேண்டும். அப்புறம் அந்தக் கடைப் பக்கம் போக முகம் ஏது?

கடையில் ட்ரூடி இல்லை. பின்னறையில் போனில் யாரிடமோ பேசும் சத்தம் கேட்டது. கவுண்டரில் ஒரு ஜோடி பின் பிரேக் ஷூ பொட்டலம் கட்டித் தயாராக இருந்தது. பக்கத்தில் ஆறிப்போன காப்பி, மேலே ஆடை படிந்து, நேற்று ஊற்றியது போல.

பார்சல் வண்டிக்காரர் விசிலடித்துக்கொண்டே உள்ளே வந்தார். தன் சொந்த வீடு மாதிரி கவுண்டருக்கு அடியில் கைவிட்டு ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். அதன்மேல் வெர்லினின் பெயர்.

"அது என்னங்க பெட்டி?" என்றார் வெர்லின்.

"ஏதோ லைன் லாக்காம். நான் வாரா வாரம் கொண்டாந்து குடுப்பேன், மறுநாளே அந்தம்மா திருப்பி எடுத்துட்டுப் போகச் சொல்லிடும்," என்றார் வண்டிக்காரர், பெட்டியை அக்குளில் இடுக்கியபடி. "இது இந்தப் பேருக்காரர் கைக்குப் போயிட்டா அப்புறம் அவரு கடைக்கு வரமாட்டாராம்."