மேட்டுராஜாவின் ஒன்பதரை மணி

உலகில் சைக்கிள் ஓட்டுவோர் இரண்டே வகையினர். மேட்டில் இறங்கித் தள்ளி, சரிவில் ஏறிப் பறப்பவர்கள் ஒரு வகை. மேட்டுராஜா மற்றொரு வகை. அந்த இரண்டாம் வகையில் அவரைத் தவிர இன்னொருவர் பிறந்ததாகச் சான்றில்லை.

நான் ஆசிரியனாக இருந்த பள்ளியில் அவர் மணியடிக்கும் ஊழியர். இருவருக்கும் குடியிருப்பு ஆர்.கே.பேட்டையில், பள்ளியோ குன்றுக்கு அப்பால். இடையில் ஒரு மேடு. வண்டிக்காரர்களே இறங்கி மாட்டுக்கு ஆறுதல் சொல்லும் மேடு! அதில் அவர் வாயிலுள்ள வெற்றிலைச் சாறு சிந்தாமல், எதிரே வருவோரை நலம் விசாரித்தபடி மிதித்தே ஏறுவார். உச்சி வந்ததும் இறங்குவார். மறுபக்கச் சரிவு முழுவதும், திருவிழாவில் குழந்தையைக் கூட்டிவருவதுபோல் சைக்கிளை நடத்தியே கூட்டிவருவார். ஒன்பதரை மணி எங்கள் பள்ளியில் பத்து மணிக்கு அடித்தது. அந்த நன்றிக்காகவே மாணவர்கள் அவருக்கு முடிசூட்டி ராஜா ஆக்கினார்கள்.

மேடைதோறும் வாதாடிக் கோப்பைகள் வென்றவன் நான். இவரையா திருத்த இயலாது? ஒருநாள் அவருடன் மிதித்துக்கொண்டே தொடங்கினேன். “சரிவு என்பது இயற்கை நமக்கு அளித்த...” அவ்வளவுதான், மூச்சு நின்றது. எஞ்சிய சொற்பொழிவை உச்சியிலிருந்த வேப்பமரத்தடியில் படுத்தவாறே நிகழ்த்தினேன்.

“இன்னா வாத்தியாரே நீ! மேடேறச்சொல்ல எங்காலு வேல செய்து. எங்கால எனுக்குத் தெரியும். எறங்கச்சொல்ல சைக்கிளு வேல செய்து. அத்த எப்டி நம்பறது? அதுக்குப் புள்ளகுட்டி இல்ல நைனா. எனுக்கு நாலு கீது.”

“பிரேக் இருக்கிறதே!”

“பிரேக்கும் அதோட கட்சிதானே?”

நான் எழுந்து, சட்டையில் ஒட்டிய வேப்பஞ்சருகுகளைத் தட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் புதிய தலைமையாசிரியர் வந்தார். மூன்றாம் நாளே அனைவர் முன்னிலையிலும் தீர்ப்பளித்தார்: “நாளை ஒன்பதரைக்கு மணி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உனக்கு இங்கே வேலை இல்லை.”

அன்று மாலை மேட்டுராஜா யாரையும் நலம் விசாரிக்கவில்லை.

“நாளை ஒருநாள் மட்டும் சரிவில் ஓட்டிவிடுங்களேன்,” என்றேன்.

“அது மட்டும் ஆவாது. உன் வாட்சக் குடு.”

அந்தக் கைக்கடிகாரம் பேச்சுப் போட்டியில் நான் பெற்ற முதற்பரிசு. குளிக்கும்போதும் கண்ணெட்டும் தூரத்தில் வைத்திருப்பேன். எதற்கென்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைக் கண்டு, கழற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை பள்ளிப் புங்கமரத்தடியில் தலைமையாசிரியர் கடிகாரமும் கையுமாக நின்றார். எதிரே, மணியாக நாங்கள் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டு. மேட்டுராஜாவைக் காணோம். முள் ஒன்பதரையைத் தொட்டது.

டாங்! டாங்! டாங்!

தண்டவாளமோ அசையவில்லை. மணியோ அடிக்கிறது! பழக்கம் பொல்லாதது, மாணவர்கள் வரிசையில் நின்று பாடவே தொடங்கிவிட்டார்கள். நான் குன்றை நோக்கினேன். உச்சி வேப்பமரத்தில் பழைய வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை ஊசலாடியது. அதனடியில் வெள்ளை வேட்டி ஒன்று சுத்தியலை ஓங்கிக்கொண்டிருந்தது.

கடவுள் வாழ்த்து முடிந்தது. முதல் பாடமும் பாதி முடிந்தது. ராஜா, சைக்கிளை நடத்திக்கொண்டு வந்துசேர்ந்தார்.

“இப்போதுதான் வருகிறாயா?” என்று உறுமினார் தலைமையாசிரியர்.

“நான் லேட்டுதான் சாமி. மணி லேட்டா?”

பிரதிவாதி பேசி முடித்தார். வழக்கறிஞன் சும்மா இருப்பேனா? “ஐயா நேற்றுக் கேட்டது மணியை, ஆளை அல்லவே,” என்றேன். தலைமையாசிரியரின் மீசை ஒருமுறை துடித்தது. சிரிப்பை மறைக்கவோ என்னவோ, விறுவிறுவென்று அறைக்குள் போய்விட்டார். அன்றுமுதல் பள்ளி தொடங்கும் மணி குன்றின்மேலிருந்தே அடித்தது. இருபுறத்து ஊர்களிலும் அதைக் கேட்டே உலை வைத்தார்கள்.

நான் மாற்றலாகி வேறு ஊர் வந்துவிட்டேன். கடிகாரத்தை அவர் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. இங்கே மணி என்னவென்று தெருவில் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அந்த மேட்டின்மேல் அவர் யாரைக் கேட்பார்?