பங்காளி அங்கிள்

அமெரிக்காவில் வெள்ளைக்காரர்களிடம் பங்காளி முறை கொண்டாடிய ஒரே தமிழர் எங்கள் பிளானோ ஊர் பங்காளி அங்கிள்தான். அவருக்கு வாய்த்த ஒரே டிரைவர் நான். அந்த அலுப்பு இன்னும் தீரவில்லை.

நம்மில் பலருக்கும் போல அவருக்கும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் கடைசிப் பெயர். அப்பா பெயர் கில்பர்ட். திண்டிவனம் பக்கம் ஞானஸ்நானம் கொடுத்த பிரெஞ்சு பாதிரியார் தன் பெயரையே குழந்தைக்கு வைத்துவிட்டாராம். இங்கே உள்ள கில்பர்ட்டுகளோடு அவ்வளவுதான் உறவு. மனைவியும் போய், பிள்ளைகளும் இல்லாத அங்கிளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

சனிக்கிழமை தூங்க விடமாட்டார்.

"தம்பி, மெக்கின்னியில ஒரு கில்பர்ட் இருக்காராம். டோல்வே புடிச்சா சட்டுனு போயிடலாம்."

"அங்கிள், வாரம் பூரா ஆபீசுக்கு டிரைவ் பண்ணி இடுப்பே போச்சு."

"சொந்தக்காரங்களைப் பார்க்கப் போறதுக்கு அலுத்துக்கலாமா?"

கையில் முறுக்கு டப்பாவோடு போய் நிற்பார். கதவைத் திறந்தவருக்கு வாசலிலேயே சரித்திரப் பாடம். பெயர் பிரான்சில் வளர்ந்து, நார்மன்காரர்களோடு இங்கிலாந்து போய், ஒரு கிளை அமெரிக்காவுக்குக் கப்பலேறியதாம். இன்னொரு கிளை பாதிரியாரோடு பாண்டிச்சேரியில் இறங்கியதாம். "நீங்க மூத்த கிளை, நாங்க இளைய கிளை" என்று ஆங்கிலத்தில் முடிப்பார். ஒருவர் இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்றார். மெக்கின்னிக்காரர், தொப்பி போட்ட கிழவர், கதவையே சாத்திவிட்டார்.

"போதும் அங்கிள், வாங்க."

"பங்காளின்னா மூஞ்சியைத் திருப்பத்தான் செய்வான். நம்ம ஊர்ல மட்டும் பேசிக்கிறாங்களா?" டப்பாவின் மேல் தன் ஃபோன் நம்பரை எழுதி வாசலில் வைத்துவிட்டு வந்தார்.

அடுத்த மாதம் அவருக்குக் கண் ஆபரேஷன். முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் இருந்தால்தான் செய்வார்கள். நான் வருவதாகச் சொல்லியிருந்தேன். மீட்டிங் இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினால், வரவேற்பறையில் அந்தத் தொப்பி உட்கார்ந்திருந்தது. மடியில் முறுக்கு டப்பா.

டப்பாவைத் திருப்பித் தரலாம் என்று காலையில் கூப்பிட்டாராம். தனியாக ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்றாராம் அங்கிள். கிழவர் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே அவரே சுட்ட பிஸ்கட். டப்பாவைக் காலியாகத் திருப்பித் தராதவர் பங்காளி இல்லாமல் வேறு யார்?

நர்ஸ் வந்தாள். உள்ளே குடும்பத்தார் மட்டும்தான் வரலாம் என்றாள். "நான் அவர் கசின்" என்று கிழவர் எழுந்துவிட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

அங்கிளுக்குப் பங்காளி கிடைத்தாயிற்று, இனி சனிக்கிழமைகளில் எனக்கு விடுதலை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஏனோ வயிற்றெரிச்சலாக இருந்தது.

"நானும் கில்பர்ட் குடும்பம்தான்," என்றேன். "இளைய கிளை."