ஒன்பது ஈர மெத்தைகள்

ஹாப்குட் ஏரி முகாம்,
மெய்ன் மாநிலம்.
ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை மணி.

அன்புள்ள ப்ரீடா அக்காவுக்கு,

இங்கு நானும் ஏரியும் கொசுக்களும் சௌக்கியம். கடலுக்கு அந்தப் பக்கம் லீட்ரிமில் நீயும் ஃபின்டன் அத்தானும் சினைப்பசுவும் அதே போல இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, விளையாட்டுத் திடல் வேலியில் காய்ந்துகொண்டிருந்த ஒன்பது மெத்தைகளை இறக்கினேன். ஒன்பதும் நன்றாகக் காய்ந்துவிட்டன. ஒன்றில் மட்டும் கொஞ்சம் ஏரி வாசனை. அதை ஏன் உனக்கு முதலில் சொல்கிறேன் என்றால், வியாழக்கிழமை நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த மெத்தைகளில்தான் போய் முடிகிறது. "இருபத்தோரு வயசுப் பொண்ணு எழுத்தை மறந்துட்டாளா? தலையில அடிபட்டுச்சா? உண்மையைச் சொல்லு நோரீன்!" என்று நீ கத்தியது அலுவலகத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. உன் மகள் ஓர்லாவின் கடிதம் பென்சிலில், பெரிய பெரிய எழுத்தில், கடைசியில் ஒரு தவளைப் படத்தோடு வந்தால் எந்தத் தாய்தான் கத்தமாட்டாள்? ஓர்லாவின் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை எழுதியது ஜூனிப்பர் என்ற ஒன்பது வயதுப் பெண். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் குறுக்கிடாதே.

எங்கள் முகாமில் ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்குச் சீட்டு, வீட்டுக்கு எழுதிய ஒரு கடிதம். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் முதலாளி விங்கேட் கூடையோடு நிற்பார். கடிதத்தைப் போட்டால் உள்ளே போகலாம், போடாதவர்கள் படியில் உட்கார்ந்து எழுதிவிட்டு வரவேண்டும். பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல, வேலை செய்பவர்களுக்கும் அதேதான். இருபத்தேழு வருஷமாக நீ என்னிடமிருந்து கடிதம் பெறுவது பாசத்தால் மட்டும் இல்லை என்பதை இன்றாவது ஒப்புக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமையில் வறுத்த கோழியும் ப்ளூபெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரமும். அதற்காக யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். இன்னொரு விதியும் உண்டு. கடிதங்களை முகாமில் யாரும் படிக்கக்கூடாது. விங்கேட்டின் அப்பா போட்ட விதி, அறுபது வருஷமாக ஒருவரும் மீறியதில்லை.

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு நல்ல மழை. ஓர்லா பார்த்துக்கொள்ளும் குடிலில் ஒன்பது சிறுமிகள், பென்சிலைக் கடித்துக்கொண்டு, என்ன எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். "நிஜமா நடந்ததை எழுதுங்க. நான் எங்கம்மாவுக்கு எழுதறேன் பாருங்க, அந்த மாதிரி எழுதுங்க" என்று உன் மகள் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு, தன் கடிதத்தை மேஜைமேலேயே வைத்துவிட்டு, அழுக்கு விரிப்பு ஒன்றைத் துவைக்கும் கொட்டகையில் போடப் போயிருக்கிறாள். அவள் திரும்புவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. பசித்த பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அந்த மாதிரியே எழுதினார்கள். ஒரு வரி விடாமல், ஒன்பது பேரும். ஜூனிப்பர் அவசரத்தில் தான் எழுதியதை ஓர்லாவின் உறையிலும், ஓர்லா எழுதியதைத் தன் உறையிலும் போட்டுவிட்டாள். அதனால்தான் உனக்குத் தவளை வந்தது. விங்கேட் பத்து உறைகளையும் விதிப்படி படிக்காமல் வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டார்.

ஆகவே அமெரிக்காவின் ஒன்பது குடும்பங்கள், கோடை விடுமுறைக்கு அனுப்பிய தங்கள் ஒன்பது வயது மகளிடமிருந்து கீழ்க்கண்ட கடிதத்தைப் பெற்றன. உனக்கு வந்ததில் தவளை பாதியை மறைத்துவிட்டது என்றாயே, ஒரு தாய் எனக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியதை முழுதாகவே படி:

"அன்புள்ள அம்மா, நான் நலம். எனக்கு இப்போது ஒன்பது பிள்ளைகள். எல்லோருக்கும் தலை பின்னி முடிப்பதற்குள் காலை போய்விடுகிறது. முதுகுவலி போன வாரத்துக்கு இப்போது தேவலை. விடுமுறை நாளில் ஊருக்குள் போய் ஒரு பீர் குடித்தேன், ஒன்றுதான். என் பிள்ளைகளில் ஒருத்தி தூக்கத்தில் படுக்கையை நனைத்துவிடுகிறாள். மற்றவர்கள் எழுந்திருக்கும் முன் விரிப்பை மாற்றிவிடுகிறேன். யாராவது கேட்டால், நான் தண்ணீரைக் கொட்டிவிட்டேன் என்கிறேன். அதனால் இங்கே எனக்கு ஓட்டைக்கை என்று பெயர். செப்டம்பரில் மருந்தியல் படிப்புக்குத் திரும்புகிற எண்ணம் இல்லை. அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. பசு கன்று போட்ட பிறகு சொல்."

அந்த வாரமே வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் தொலைபேசி. எடுத்தது நான்தான். "எம்பொண்ணுக்கு முதுகு வலியா? அவளுக்கு ஒம்போது வயசும்மா! என்ன தூக்க வைக்கிறீங்க?" என்றாள் ஒரு தாய். அவளைச் சமாதானம் செய்து வைத்தால் அடுத்தது. "பீர் எவன் குடுத்தான்? பேரைச் சொல்லுங்க, போதும்." அடுத்தது ஒரு தகப்பன், மிகவும் மரியாதையாக, "மத்ததெல்லாம் இருக்கட்டும் மேடம், பசு யாருதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். இன்னொருத்தி அழுதேவிட்டாள். "மருந்தியல் வேண்டாம்னா வேண்டாம். நாங்க ஒருநாளும் அவளைக் கட்டாயப்படுத்தலன்னு சொல்லிடுங்க. அவங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்." அக்கா, என் வேலையில் சிரிக்கக்கூடாத நேரங்கள் நிறைய உண்டு. அன்று மேஜைக்கு அடியில் போய்ச் சிரித்துவிட்டு வந்து ரிசீவரை எடுத்தேன்.

ஓர்லா தானாகவே அலுவலகத்துக்கு வந்து நின்றாள். சாக்குப்போக்கு ஒன்றும் இல்லை. "தப்பு என்னுது சித்தி. லெட்டரை அங்க வெச்சிருக்கக் கூடாது" என்றாள். "எழுதினது தப்பில்லையா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "எழுதினதெல்லாம் நெஜம்தானே" என்றாள். அது யாருடைய முகவாய், யாருடைய பிடிவாதம் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். திட்டுவதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

விங்கேட்டுக்கு எழுபத்தொரு வயது. கெட்டவர் இல்லை, முகாமின் பெயர்தான் அவருக்கு உயிர். ஓர்லாவை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தை அன்றே தட்டச்சு செய்து என் மேஜையில் வைத்துவிட்டார். ஆட்களைச் சேர்ப்பதும் நிறுத்துவதும் என் பொறுப்பு என்பதால் என் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது. "பெத்தவங்க தினம் முடியட்டும் சார், அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போட்டேன். இந்த வேலை போனால் விசாவும் போகும், அவள் அடுத்த விமானத்தில் ஊருக்கு வரவேண்டியதுதான். இதற்கிடையில் இந்த வியாழன் உன் தொலைபேசி. "அவளை உடனே ப்ளேன் ஏத்து. ஒருத்தியை அந்த ஏரிக்குக் குடுத்தது போதும்" என்று சொல்லி வைத்துவிட்டாய். பத்தொன்பது வயதில் ஒரு கோடைக்கு என்று வந்தவள் நாற்பத்தாறு வயதிலும் இங்கேயே இருக்கிறேன், நீ சொல்வதை மறுக்க என்னிடம் என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை மாலை விங்கேட் குடிலுக்கே போய்விட்டார். மறுநாள் பெற்றோர் வந்து, படுக்கையை நனைப்பது யார் மகள் என்று கேட்டால் பதில் வேண்டுமாம். நானும் கூடப் போனேன். "பயப்படாதீங்க, யாரும் திட்டமாட்டாங்க. யாருன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். ஒன்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். ஓர்லா எழுந்து, "சார், நான்தான் தண்ணியக் கொட்டினேன்" என்றாள். "அந்தக் கதைதான் ஒம்போது ஊருக்குத் தெரியுமே!" என்றார் அவர். திரும்பி வந்துவிட்டோம்.

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ஓர்லா ஓடி வந்து என்னை எழுப்பினாள். போய்ப் பார்த்தால், ஒன்பது மெத்தையும் தொப்பலாக நனைந்து சொட்டுகின்றன. ஒன்பது பேரும் அவரவர் கட்டில் பக்கத்தில் ஈர உடையோடு வரிசையாக நிற்கிறார்கள், கட்டிலுக்கு அடியில் மணலில் விளையாடும் வாளிகள். பின்னாலேயே விங்கேட் வந்தார்.

"என்ன இது?"

"நாங்கதான் சார். ராத்திரி ஆயிடுச்சு" என்றாள் ஜூனிப்பர்.

"ஒம்போது பேருக்குமா?"

"நெறைய தண்ணி குடிச்சிட்டோம் சார்."

விங்கேட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிக் கட்டிலில் குனிந்தார். மெத்தையின் நடுக்குழியில் ஒரு தலைப்பிரட்டை வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. "அப்போ இதையும் நீங்கதான்..." என்று ஆரம்பித்து, வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று தெரியாமல் நின்றார். "அது தண்ணியோட உள்ள போயிருக்கும்" என்று ஒரு குட்டிக்குரல் உதவி செய்தது. ஓர்லா அதை இரண்டு கையிலும் ஏந்தி, ஏரிப் பக்கம் நடந்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

பதினோரு மணிக்கு வந்த பெற்றோரின் கார்கள் எல்லாம் அந்த வேலியை ஒட்டித்தான் உள்ளே நுழைந்தாக வேண்டும். கொடியும் வரவேற்புத் தோரணமும் கட்டியிருந்த வேலியில் ஒன்பது ஈர மெத்தைகள். ஜூனிப்பரின் தாய் வக்கீல். பீர் பற்றிக் கேட்கக் கையில் காகிதம் எல்லாம் எழுதி வைத்துக்கொண்டு வந்தவள், "இது என்ன கண்காட்சி?" என்றாள். ஜூனிப்பர் அவளைத் தனியே இழுத்துப் போய்க் காதில் ஏதோ சொன்னாள். வக்கீல் அந்தக் காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள், பிறகு வெளியே எடுக்கவே இல்லை. இன்னொரு தகப்பன், யாருடைய தகப்பன் என்று உனக்குக்கூட எழுதமாட்டேன், ஒன்பது பேர் காத்ததை நான் கெடுக்கக்கூடாது, ஓர்லாவிடம் வந்து, "ஓட்டைக்கைன்னு பேர் வாங்கினது நீதானாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"ரெண்டு வருஷமா எம்பொண்ணு யார் வீட்லயும் ராத்தங்கினதில்ல. இங்க அஞ்சு வாரம் இருந்திருக்கா." அப்புறம் பசு கன்று போட்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றாள் ஓர்லா.

அக்கா, இருபத்தேழு வருஷத்தில் நான் முந்நூறு பேருக்கு மேல் வேலைக்குச் சேர்த்திருக்கிறேன். நீச்சலில் மெடல் வாங்கியவர்கள், கிடார் வாசிப்பவர்கள், ஆறு மொழி தெரிந்தவர்கள். அஞ்சு வாரத்தில் ஒன்பது பிள்ளைகளை இப்படி ஆக்கிவிட்ட ஒருத்தியைப் பார்த்ததில்லை. அவள் என் அக்கா மகள் என்பதை நேற்று குறைந்தது நாலு பேரிடம், அவர்கள் கேட்காமலேயே சொன்னேன்.

ஆனால் விங்கேட் மனம் மாறவில்லை. "அறுபது வருஷத்துல இந்த வேலியில ஒரு துண்டுகூடக் காஞ்சதில்ல நோரீன். திங்கட்கிழமை காலைல கையெழுத்து வேணும்" என்று சொல்லிவிட்டார். நீயும் அதையேதான் கேட்கிறாய். ஆகையால் நாளை கையெழுத்துப் போட்டு, புதன்கிழமை அவளை பாஸ்டனில் விமானம் ஏற்றிவிடுகிறேன். வியாழன் காலை அத்தானை ஷானன் விமான நிலையத்துக்கு அனுப்பி வை. அவளை வாசலிலேயே வைத்துத் திட்டாதே, முதலில் தேநீர் கொடு.

அத்தானுக்கு என் வணக்கம். பசுவுக்கு நல்லபடியாகப் பிரசவமாக மாதாவிடம் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியதாக நினைத்துக்கொள், இங்கே கோயில் பன்னிரண்டு மைல். எல்லோரும் நலமாக இருங்கள்.

என்றும் உன் தங்கை,
நோரீன்

பின்குறிப்பு: அத்தானை ஷானனுக்கு அனுப்பாதே. உறையை ஒட்டுமுன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். "அப்பாவிடம் நீயே சொல்லிவிடு" என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டேன். அதே வரியை இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் இதே மேஜையிலிருந்து நான் உனக்கு எழுதினேன். நீ போய்ச் சொன்னாய். அப்பா என்னிடம் காட்டவேண்டிய கோபத்தை மூன்று மாதம் உன்னிடம் காட்டினார், நீ அதைப் பற்றி எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நீ கோபமாக இருப்பது ஏரிமேல் இல்லை என்பது எனக்கு இவ்வளவு தாமதமாகத்தான் புரிகிறது. அதனால் நாளை நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. ஓர்லா இந்தக் கோடையை முடித்துவிட்டுத்தான் வருவாள். ஆகஸ்ட் இருபத்துநாலாம் தேதி அவளோடு நானும் வருகிறேன். அத்தானிடம் சொல்லவேண்டியதை அவளே சொல்லட்டும், நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். நீ உள்ளே போய் ஓய்வெடு. இதை ஓர்லாவிடமும் இன்னும் சொல்லவில்லை, விங்கேட்டிடமும் சொல்லவில்லை. மணி அடிக்கிறது. அவர் கூடையோடு வாசலில் நிற்கிறார். இதை அவர் கையில்தான் கொடுத்துவிட்டு உள்ளே போகவேண்டும். படிக்கமாட்டார்.