பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில்

பேய், பிசாசு, கண் திருஷ்டி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் தெருவிலேயே பெரிய எலும்புக்கூட்டை ஹாலோவீனுக்குத் தொங்கவிடுவது எங்கள் வீடுதான். புது கார் வாங்கினால் மற்றவர்கள் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். நான் அந்தப் பழத்தில் ஜூஸ் போட்டுக் குடித்தவள். இப்பேர்ப்பட்டவள்தான் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், தெற்கு இத்தாலியில், பூட்டிய கதவு ஒன்றின் முன்னால் கை நிறையக் குங்குமத்தோடு மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஒரு நிமிடத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தேன்.

அங்கே போனதற்குக் காரணம் என் வாய். எங்கள் பக்கத்து ஆட்கள் இத்தாலி போனால் ரோம், வெனிஸ் பார்த்து, சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிப்பதுபோல் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். "நாங்க நம்மாளுங்க யாருமே போகாத ஊருக்குப் போறோம்" என்று ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்தில் நான் எல்லார் முன்னாலும் அறிவித்துவிட்டேன். என் கணவர் செந்தில் மூன்று வாரம் தேடி, கடலோரச் சின்ன ஊர் ஒன்றில் இரண்டு நட்சத்திர ஹோட்டலைப் பிடித்தார். அதற்கு ஒரே ஒரு ரிவ்யூ இருந்தது. 'மிக அமைதியான இடம்.' எழுதியவர் அதற்குப் பிறகு உலகத்தில் எதற்குமே ரிவ்யூ எழுதவில்லை என்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஜூன் மாத வெயில். ஊரில் ஈ காக்கை இல்லை. கடைகள் பூட்டியிருந்தன, ஜன்னல்களில் மரக்கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு காபிக்கடை வாசலில், மேஜைமேல் பாதி குடித்த கோப்பை இருந்தது. குடித்தவரைக் காணோம். எங்கள் சூட்கேஸ் சக்கரங்கள் கல் பாவிய தெருவில் உருளும் சத்தம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. நாங்கள் நின்ற பிறகும் அது ஒரு நொடி உருண்டது (செந்தில் இதை மறுக்கிறார். அவர் மறுக்காதது எது?).

சுவர்களில் மட்டும் ஆட்கள் இருந்தார்கள். கறுப்புக் கரை போட்ட காகிதம், அதில் ஒரு புகைப்படம், பெயர், ஒரு சிலுவை. ஈரோட்டுக்காரிக்கு இதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. நம் பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரேதான். ஹோட்டலுக்கு நேர் எதிரே ஒட்டியிருந்தவர் பெரிய மீசைக்காரர். வெயிலில் வெளுத்துப்போன காகிதத்தில் அவர் கண்கள் மட்டும் வெளுக்காமல் இருந்தன.

ஹோட்டல் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தோம், பதில் இல்லை. மேஜைமேல் ஒரு சாவி, அதன் கீழே எங்கள் பெயர் எழுதிய துண்டுக் காகிதம். மேஜைக்கு மேலே, சட்டம் போட்ட படத்தில், அதே மீசைக்காரர்.

"மாம், நோப்," என்றாள் என் மகள் யாழினி. பதின்மூன்று வயது. தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும்.

எங்கள் அறை மூன்றாவது மாடியில், எண் பதினெட்டு. தாழ்வாரத்தில் பதினைந்து, பதினாறு என்று வந்தது. அதற்கடுத்த கதவில் எண்ணே இல்லை. அதற்கடுத்தது நாங்கள். நம்பர் எழுத மறந்திருப்பார்கள் என்று நான் தைரியமாகச் சொன்னேன். மூன்று மணிக்கு அந்தத் தைரியம் தீர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் 'கடகடகட' என்று ஒரு சத்தம் கேட்டு, சட்டென்று நின்றது. பிறகு மெல்ல, மிக மெல்ல, ஒரு பெண் அழுதாள்.

அந்த அழுகையை இன்றைக்கும் என்னால் விவரிக்க முடியவில்லை. கத்தல் இல்லை, ஒப்பாரி இல்லை. பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுவார்களே, அது. நாலரை மணி ஆனதும் ஊரெல்லாம் ஜன்னல்கள் திறந்தன, தெருவில் பிள்ளைகள் கத்தின, அறையில் சத்தம் அடங்கிவிட்டது.

மறுநாள் காலையில் ஹோட்டல்காரம்மாவைப் பார்த்தோம். பெயர் கார்மேலா. அறுபது வயதிருக்கும். தலை முதல் கால் வரை கறுப்பு உடை. ரொட்டியும் பழமும் தட்டில் அடுக்கி, நாங்கள் சாப்பிடும்வரை பக்கத்திலேயே நின்றார். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. யாழினி பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் படிக்கிறாள். அதை வைத்துக்கொண்டு எண் இல்லாத அறையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கச் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் வெளுத்தது. வாயில் விரலை வைத்தார். மேலே பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். அன்றும் மூன்று மணிக்கு அதே கடகட, அதே அழுகை.

வியாழக்கிழமை செந்திலும் யாழினியும் கடற்கரைக்குப் போனார்கள். தலைவலி என்று நான் அறையில் தங்கினேன் (தலைவலி இல்லை, நீச்சல் உடை பிரச்சினை). மூன்று மணிக்குச் சத்தம் வரவில்லை. வராதது இன்னும் மோசமாக இருந்தது. தாழ்வாரத்துக்கு வந்து, எண் இல்லாத கதவின் சாவித்துவாரத்தில் கண்ணை வைத்தேன்.

உள்ளே அரை இருட்டு. நடுவில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முழுக்க வெள்ளை உடை, இடுப்பு, தோள், கழுத்து. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை.

அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தி, டெக்சாஸ் பேர்லேண்டில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் செய்தேன். உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் அக்காவிடம் வழி உண்டு. அவளுக்கு அங்கே காலை எட்டு மணி, ஃப்ரீவேயில் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும், ஃப்ரீவேயிலிருந்து இறங்கச் சிக்னல் போடும் டிக் டிக் சத்தம் கேட்டது.

"எக்சிட் எடுத்துக்கறேன், இரு," என்றாள். பிறகு, "குங்குமம் இருக்குதில்ல? நான் குடுத்தது?"

இருந்தது. அக்கா வீட்டு கராஜில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துத் தானே குங்குமம் செய்வாள். கோயிலுக்கு வரும் ஆன்ட்டிகள் எல்லாருக்கும் அதிலிருந்துதான் சப்ளை. எனக்கும் ஒரு ஜிப்லாக் பையில் போட்டுக் கொடுத்து, கெமிக்கல் ஒரு பொட்டுகூட இல்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். அந்தப் பை என் ஹேண்ட்பேக்கின் அடியில் இரண்டு வருடமாகக் கிடந்தது.

"எலுமிச்சம்பழத்த ரெண்டா அறுத்து, நல்லா குங்குமம் தடவி, அந்த ரூம் வாசல்ல ரெண்டு பக்கமும் வெச்சிரு. அது தாண்டி வராது. செந்தில்கிட்ட சொல்லாதே, சிரிப்பான்."

முற்றத்தில் எலுமிச்சை மரம் இருந்தது. அந்த ஊர் எலுமிச்சம்பழம் ஒவ்வொன்றும் உரித்த தேங்காய் சைஸ். ஒன்றைப் பறித்து, காலைச் சாப்பாட்டு மேஜைக் கத்தியால் அறுத்தேன். அவ்வளவு பெரிய பழத்துக்கு எவ்வளவு குங்குமம் என்று அக்கா சொல்லவில்லை. பை முழுவதையும் கொட்டித் தேய்த்தேன். இரண்டு கையும் மணிக்கட்டு வரை சேறாகிவிட்டது. மண்டியிட்டு ஒரு மூடியை இடப்பக்கம் வைத்தேன், மற்றதை வலப்பக்கம் வைத்தேன். எழுந்து நிற்கும்போது கதவின் கைப்பிடி தானாகக் கீழே இறங்கியது.

கதவு திறந்தது. தலையில்லாத வெள்ளை உருவம் என்னை நோக்கி வந்தது.

நான் பின்னால் போவதற்குப் பதிலாக முன்னால் கால் வைத்தேன். வைத்தது எலுமிச்சம்பழத்தின் மேல். கால் வழுக்கியது, எதையாவது பிடித்தால் போதும் என்று இரண்டு கையாலும் பேயின் இடுப்பைப் பிடித்தேன். பேய் சாட்டின் துணியாக இருந்தது. அதற்குப் பின்னால், உடையைக் கைகளில் ஏந்தியபடி, கார்மேலா நின்றார்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை அவருடைய ஒரே மகள் லூசியாவுக்குக் கல்யாணம். அந்த அம்மா தன் கையாலேயே கல்யாண உடையைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊர் தூங்கும் மத்தியான நேரத்தில்தான் அவருக்கு ஓய்வு. கடகட சத்தம் தையல் மிஷின். தலையில்லாதவள் உடை மாட்டும் பொம்மை. அந்த ஊரில் பதினேழு ஆகாத எண் என்பதால் கதவில் எண் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் உடைமேல் யார் கண்ணும் பட்டுவிடக் கூடாது என்பதால் கதவுக்குப் பூட்டு, கேட்டவருக்கு வாயில் விரல். தைத்து முடித்து, வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக வெளியே கொண்டுவந்திருக்கிறார்.

உடையின் இடுப்பில், இரண்டு பக்கமும், பத்து விரலும் தெளிவாக, எலுமிச்சைச் சாறு கலந்து வெளுத்த காவி நிறத்தில் என் கைகள்.

கார்மேலா தரையைப் பார்த்தார். வாசலில் குங்குமம் பூசிய எலுமிச்சம்பழம். ஒன்று நசுங்கியது, ஒன்று நசுங்காதது. மொழி தெரியாவிட்டாலும் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் கொம்புபோல் நீட்டி, திருஷ்டியை விரட்டுவதுபோல் என்னைத் தடுத்தார். தன் மகள் கல்யாணத்துக்குச் செய்வினை வைக்க அமெரிக்காவிலிருந்து ஒருத்தி வந்திருக்கிறாள். அந்தப் பார்வையை நான் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன்.

பிறகு உடையைக் குளியலறைக்கு எடுத்துக்கொண்டு ஓடி, சோப்புப் போட்டார். நான் பின்னாலேயே ஓடி, வேண்டாம் வேண்டாம் என்று தமிழில் கத்தினேன். சோப்பு பட்டதும் காவி நிறம் ரத்தச் சிவப்பாக மாறியது. கார்மேலா உடையைத் தொட்டியில் விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார்.

கடற்கரையிலிருந்து திரும்பிய செந்திலும் யாழினியும் கண்டது இதைத்தான். ஒரு பக்கம் அந்த அம்மாவின் ஜெபம், மறுபக்கம் என் அழுகை, நடுவில் ரத்தக் கைகள் பதிந்த ஒரு கல்யாண உடை. "பாஸ்போர்ட் எல்லாம் ரூம்லதானே இருக்கு?" என்று மட்டும் செந்தில் கேட்டார்.

அழுகைக்கு நடுவில் எனக்கு ஒன்று உறைத்தது. அது ஆரத்தித் தண்ணீரின் சிவப்பு. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும், சோப்பு பட்டாலும் சிவக்கும். மஞ்சள் கறையைத் தேய்த்து எடுக்க முடியாது என்பதும், வெயிலில் போட்டால் தானே போய்விடும் என்பதும் சாம்பார் சிந்திய வெள்ளைச் சட்டை துவைத்த எந்தத் தமிழச்சிக்கும் தெரியும். கடையில் வாங்கிய சாயக் குங்குமமாக இருந்திருந்தால் எங்கள் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

யாழினி அந்த அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் முழுவதையும் செலவழித்தாள். சூரியன், மஞ்சள், மன்னிப்பு. கடைசியில் என் பக்கம் திரும்பி, "ஷி தாட் யூ ஹேட்டட் ஹர், மாம்," என்றாள். அவமானம் என்றால் என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சோப்பை நன்றாக அலசி, உடையை மொட்டை மாடியில் விரித்தோம். வெள்ளிக்கிழமை முழுக்க நிழல் நகர நகர நாங்களும் கார்மேலாவும் உடையை நகர்த்திக்கொண்டே இருந்தோம். ஊர் முழுக்கத் தூங்கியது. எதிர்ச்சுவரில் மீசைக்காரர் மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கார்மேலாவின் கணவர். அதற்கு முந்தின வருடம் இறந்துவிட்டார். மகளைக் கைபிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப் போக அவர் இல்லையே என்றுதான் அந்த அம்மா தைக்கும்போதெல்லாம் அழுதிருக்கிறார். பேயென்று பயந்து நான் வாசலில் எலுமிச்சம்பழம் வைத்தது அந்த அழுகைக்கு.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மணப்பெண் உடை மாற்ற வர வேண்டும். ஒன்பதரைக்குப் பார்த்தபோது விரல்கள் ஒவ்வொன்றாக மறைந்துவிட்டிருந்தன. இடது இடுப்பில் என் சுண்டு விரல் நுனி மட்டும் மஞ்சளாக, மிளகளவு மிஞ்சியிருந்தது. அதன்மேல் ஒரு லேஸ் பூவை வைத்துத் தைக்கக் கார்மேலா ஊசியை எடுத்தார். எங்கள் ஊரில் கண் படாமலிருக்க நாங்களே வேண்டுமென்றே மணப்பெண் கன்னத்தில் ஒரு பொட்டு வைப்போம் என்று யாழினியைச் சொல்லச் சொன்னேன். அந்த அம்மா என்னையும் பொட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஊசியைக் கீழே வைத்தார்.

கல்யாணத்துக்குக் கிளம்பும் முன் அவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு தட்டுத் தண்ணீரை என் தலைக்கு மேல் பிடித்து, அதில் எண்ணெய்ச் சொட்டு விட்டு, ஏதோ முணுமுணுத்துச் சுற்றினார். என்மேல் கண் பட்டிருக்கிறதாம், இல்லாவிட்டால் ஒரு மனுஷி இப்படி விழமாட்டாளாம். பகுத்தறிவு பேசாமல் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. முழுப் பெருமையும் தன் ஆர்கானிக் குங்குமத்துக்கே என்று அக்கா இன்றுவரை சொல்கிறாள். போன வருடம் பேர்லேண்டில் அக்கா மகளின் ரிசப்ஷன், அவளுக்கு வெள்ளை கவுன். நான் மேடை ஏறும்போது யாழினி ஓடிவந்து என் காதில், "மாம், ஹேண்ட்ஸ்," என்றாள். அந்த ஆல்பம் முழுக்க நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். பார்த்த ஆன்ட்டிகள் எல்லாம் உங்க அம்மாவுக்கு எவ்வளவு அடக்கம் என்கிறார்களாம். யாழினி ஒருவரிடமும் மறுத்ததில்லை.