கந்தசஷ்டியும் கொதிகலன் கொப்பியும்

இந்த வருடம் கந்தசஷ்டியின் ஆறு நாள்களும் பாலும் பழமும் தவிர வேறொன்றையும் தொடமாட்டேன் என்று, ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் கோயிலின் பொதுக்கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்தபடி அறிவித்தேன். அந்த ஒலிவாங்கி அன்று பழுதாகியிருக்கக் கூடாதா?

என் மனைவி மகாதேவி இருபத்திரண்டு வருடங்களாக இதே விரதத்தை எவருக்கும் சொல்லாமல் பிடித்துவருகிறாள். நான் பிடிப்பதற்கு முன்பே சொன்னேன்.

சொல்லவைத்தவர் உமாபதி அண்ணை. அவர் கோயிலின் தலைவர். நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளரும் அவரே. மேல்மாடியில் வசிப்பவரும் அவரே.

"இராசலிங்கம், உம்மாலை பத்து மணித் தேத்தண்ணிக்கே பொறுக்க ஏலாது. விரதமோ?" என்று சபை நடுவே கேட்டார்.

விரதத்தை முடித்தால் ஆறாம் நாளான சூரன்போர் அன்று எனக்குப் பொன்னாடை. முறித்தால், ஆயுள் முழுவதும் படிக்கட்டில் அவருடைய சிரிப்பு.

முதலாம் நாள் நண்பகலுக்குள் நான் நம்பிக்கை இழந்தேன். வாழைப்பழம் என்னைப் பார்த்தது. நான் வாழைப்பழத்தைப் பார்த்தேன். இருவருக்கும் பேச எதுவும் இருக்கவில்லை. ஆனால், முன்யோசனையுள்ள மனிதன் நான். நிலவறையில், வீட்டைச் சூடாக்கும், நாங்கள் ஹைசுங் என்று சொல்லும் பழைய எரிவாயுக் கொதிகலன் நிற்கும் சிறிய அறையில், ஒரு மின்னடுப்பையும் ஒரு பொதி பாறைக் கருவாட்டையும் ஏற்கெனவே ஒளித்துவைத்திருந்தேன்.

"மகாதேவி, குளிர் தொடங்கியிட்டுது. இனி ஹைசுங்கை ஒவ்வொரு நாளும் போய்ப் பாக்கோணும்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம். தண்ணி அமுக்கம் குறைஞ்சால் ஆபத்து."

"இவ்வளவு காலமும் குறையேல்லையோ?"

"அதுக்கும் வயசு போகுதெல்லே."

அவள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். கணித ஆசிரியையாக இருந்தவள். விடையைவிடச் செய்கைவழியைக் கவனிப்பவள்.

"நல்லது. அப்ப கொப்பியிலை எழுதி வையுங்கோ. திகதி, நேரம், அமுக்கம்." அடிமட்டம் வைத்து மூன்று கோடுகளும் கீறித் தந்தாள்.

கொதிகலன் அறையின் சுவரில் ஒரு காற்றுத்துவாரம் உண்டு. அது முற்றத்துக்குத் திறக்கும். அதற்கு நேர் மேலே உமாபதி அண்ணையின் குசினி யன்னல். மணம் மேலே போனால் என் மானமும் கூடவே போகும். ஆகவே, நான் உடுத்திப் பழசாகிய சாரமொன்றை மடித்துத் துவாரத்தினுள் இறுக்கினேன். பின்னர் கதவைச் சாத்திக்கொண்டு கருவாட்டைப் பொரித்தேன், பாணோடு சாப்பிட்டேன், கொப்பியில் 1.5 என்று எழுதினேன். அமுக்கமானியை நான் பார்க்கவேயில்லை. பொரியும் கருவாட்டிலிருந்து கண்ணை எடுக்க எவருக்கு மனம் வரும்?

இப்படியே ஐந்து நாள்கள். மூன்றாம் நாள் மட்டும் தலையிடித்தது. பாவத்தின் பலன் என்று எண்ணிப் பொறுத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் காலை, மகாதேவி அமைதியாகச் சொன்னாள்:

"இண்டைக்கு ஹைசுங் பாக்க ஆள் வருது."

"சூரன்போர் நாளிலையோ? மாத்தும்."

"இந்த நாளுக்கு ரெர்மின் போன மாசமே எடுத்தது. சூரனை மாத்தினாலும் ஜெர்மனியிலை ரெர்மினை மாத்த ஏலாது."

நான் நிலவறைக்கு ஓடுவதற்குள் அழைப்புமணி அடித்தது. வந்தவள் லவினியா. எசனில் பிறந்து வளர்ந்து, வெப்பமூட்டிகளைப் பராமரிக்கும் தொழிலைப் படித்த பெண். சென்ற வருடமும் வந்தவள். மூவருமாகக் கீழே இறங்கினோம். மகாதேவி கொப்பியை அவளிடம் நீட்டினாள்.

"அங்கிள், ஐஞ்சு நாளும் 1.5 எண்டு எழுதியிருக்கிறியள்."

"ஓம் பிள்ளை. ஒரு பிழையும் இல்லை."

"அமுக்கமானி முள்ளு போன வருசமே பூச்சியத்திலை இறுகிப்போச்சு. அறிக்கையிலை எழுதிக் குடுத்தனான். புதுசு கொண்டு வரச் சொல்லி அன்ரிதான் ரெலிபோன் எடுத்தவ."

நான் மகாதேவியைப் பார்த்தேன். அவள் குழாய்களை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

லவினியா கொதிகலனின் மூடியைக் கழற்றினாள். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கோடு கரி படிந்திருந்தது. அளவுகருவியைப் புகைக்குழாயில் செருகினாள். எண்களைப் பார்த்ததும் அவளுடைய முகம் மாறியது. உடனே கொதிகலனை நிறுத்தி, சுவரைத் தேடி, துவாரத்திலிருந்து சாரத்தை இழுத்தெடுத்தாள். அது கருவாட்டு மணத்துடன் நீண்டு நீண்டு வந்தது.

"இதை ஆர் வைச்சது?"

வகுப்பு மாணவனைப்போல நான் கையை உயர்த்தினேன்.

"அங்கிள், இந்த ஹைசுங் மூச்சு விடுறது இந்த அறைக் காத்திலை. துவாரத்தை அடைச்சால் நஞ்சு வாயு வரும். மணம் இல்லை, நிறம் இல்லை. முதலிலை தலையிடிக்கும். பிறகு நித்திரை. பிறகு எழும்ப மாட்டியள். தலையிடிச்சதோ?"

"மூண்டாம் நாள்," என்றேன்.

மகாதேவி கவிழ்த்திருந்த வாளியின் மேல் மெல்ல உட்கார்ந்தாள்.

"கருவாடு எனக்கு முதல் நாளே தெரியும். ஐஞ்சுதரம் சவுக்காரம் போட்டுக் கை கழுவிற மனிசனோ நீங்கள்? ஆனால் சாரம் எனக்குத் தெரியாது."

அவளுடைய குரல் நடுங்கியது. நாற்பது வருட மணவாழ்வில் அதை நான் கேட்டதில்லை. அவள் ஏசியிருக்கலாம்; ஏசவில்லை. அதைவிட அந்த நஞ்சு வாயுவே மேல் என்று தோன்றியது.

லவினியா கரியைத் துடைத்தாள், அமுக்கமானியை மாற்றினாள், மீண்டும் அளந்து தலையசைத்தாள். புதிய முள் சரியாக 1.5 இல் நின்றது. அதைச் சுட்டிக்காட்டும் தைரியம் எனக்கு இருக்கவில்லை.

"அறிக்கை வீட்டுக்காரருக்குப் போகோணும், அன்ரி. அடைச்ச காரணம் என்னெண்டு எழுத?"

வீட்டுக்காரர் உமாபதி அண்ணை. நான் மகாதேவியை நோக்கிக் கைகூப்பினேன். பரீட்சைத்தாள் திருத்துபவளைப்போல அவள் நீண்ட நேரம் யோசித்தாள்.

"'துவாரம் பழைய துணியால் அடைபட்டிருந்தது, அகற்றப்பட்டது.' அவ்வளவும் காணும், பிள்ளை."

லவினியா போனதும் என் கண்கள் கலங்கின.

"மகாதேவி, நீர் எனக்குத் தெய்வம்."

"தெய்வம் கோயிலிலை இருக்கு. பொன்னாடை வேண்டாம் எண்டு உமாபதி அண்ணைக்கு நீங்கள்தான் சொல்லோணும். காய்ச்சல் எண்டு சொல்லாதேங்கோ. அதுவும் பொய்."

"பின்னை என்னத்தைச் சொல்ல?"

"விரதம் இன்னும் முடியேல்லை எண்டு சொல்லுங்கோ. நாளைக்கு எனக்குப் பாறணை, விரதம் முடியுது. உங்களுக்கு இண்டைக்குத்தான் முதலாம் நாள்."

கொதிகலன் அறையைப் பூட்டித் திறப்பைத் தன் கைப்பையில் போட்டாள். பின்னர் கொப்பியில் புதிய பக்கத்தைப் புரட்டி, தன் முத்தான கையெழுத்தில் எழுதினாள்:

முதலாம் நாள். கொதிகலன் 1.5. கணவர் 0.