ரிலீவர் வராமல் இறங்காதவர்

ஹைகோர்ட் ஜட்ஜ் நியமனத்துக்காக ஜனாதிபதிகூட அவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டார், எங்கள் ‘ரிலீவர்’ கவலைப்பட்ட அளவுக்கு. நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர் அவர். அடுத்த ஷிப்ட் ஆள், அதாவது ரிலீவர், வந்து நின்றால்தான் சீட்டை விட்டு இறங்கலாம் என்பது எங்கள் எல்லோருக்கும் சட்டம். அவருக்கு அது வேதம். பேரும் அதனால் வந்ததுதான்.

திருவதிகையில் அவருடைய அக்காவுக்கு இருந்த ஒரே மனை ஹைகோர்ட் வழக்கில் மாட்டியிருந்தது. வாதமெல்லாம் முடிந்து தீர்ப்பு வரும் நேரத்தில் ஜட்ஜ் ரிட்டயர் ஆகிவிட்டார். அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. வழக்கு மறுபடி முதலிலிருந்து. மனுஷர் கொதித்துப்போனார்.

“ரிலீவர் வராம அந்த ஐயா எப்படிங்க எறங்கினாரு? நம்ம மைன்ஸா இருந்தா மெமோ குடுத்திருப்பாங்க.”

டீக்கடை பெஞ்சில் அவருக்கு ஒரு பக்கம் டெல்லிக் கட்சி மாணிக்கம், மறுபக்கம் சென்னைக் கட்சி ராபர்ட். இருவரும் யூனியன் தலைவர்கள். புது ஜட்ஜுகள் பேர் பேப்பரில் வந்தால் போதும், இது உங்க ஆளு, அது எங்க ஆளு என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஃபைல் டெல்லியில் தூங்குது என்பார் ராபர்ட். அனுப்பின பேரே சரியில்லை என்பார் மாணிக்கம். நடுவில் உட்கார்ந்த பாவத்துக்கு இரண்டு பேர் டீயும் ரிலீவர் சட்டையில்தான்.

அவர் ரிட்டயர் ஆகும் நாளும் வந்தது. மாலை, சால்வை, கேசரி எல்லாம் தயார். அவர் இடத்தில் எந்த யூனியன் ஆளைப் போடுவது என்று மாணிக்கமும் ராபர்ட்டும் மோதிக்கொண்டதில் ஆளே போடவில்லை. சைரன் அடித்தது. மனுஷர் இறங்கவில்லை. ஆபீசர் கெஞ்சிப் பார்த்தார். சரி என்று சால்வையை மேலேயே அனுப்பினோம். அதைப் போர்த்திக்கொண்டு பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க சண்ட போட்டுகினே இருங்க. எங்க அக்கா கேஸ்லயும் இப்படித்தான் சீட்டு காலியா கெடக்குது. யாரு ஆளா இருந்தா என்னங்க? வேல தெரிஞ்சவன ஏறச் சொல்லுங்க.”

ஆபீசர் போனை எடுத்தார். கேசரி ஆறுவதற்குள் ஆள் வந்துவிட்டான்.

பிறகு ஹைகோர்ட்டுக்கும் புது ஜட்ஜ் வந்தார். அக்காவுக்கு மனை கிடைத்தது. அந்த ஜட்ஜ் யாருடைய ஆள் என்று தலைவர்கள் இருவரும் ரிலீவரைப் போனில் துளைத்தெடுத்தார்கள்.

“கேக்கலீங்க. ஏறி உக்காந்தாரு, முடிச்சுக் குடுத்தாரு” என்றார்.

அக்காவுக்கு வீடு கட்டித்தர ரிலீவர் திருவதிகைக்கே போய்விட்டார். பெஞ்சில் சண்டை மட்டும் குறையவில்லை. போன வாரம் நடுவில் இடம் காலியாக இருக்கிறதே என்று உட்காரப் போனேன்.

“அங்க வேணாங்க, அது ரிலீவர் சீட்டு” என்றார்கள் மாணிக்கமும் ராபர்ட்டும், ஒரே குரலில்.