சாவி தேவைப்படாத பூட்டு

மனித குலம் இதுவரை செய்த பூட்டுகளிலேயே மகத்தானது, சாவியே தேவைப்படாத பூட்டு. இரும்பிலும் பித்தளையிலும் பார்த்துப் பார்த்துச் செய்த பூட்டுகளைக் கள்ளன் ஒரே தட்டில் உடைத்துவிடுகிறான். ஆனால் கணினித் திரையின் ஓரத்தில் கடுகளவு தெரியும் அந்த மஞ்சள் பூட்டை ஒரு சொடுக்கில் எவரும் திறக்கலாம். இருந்தும் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் ஒருவரும் அதைத் திறப்பதில்லை. நாகரிகத்தின் உச்சம் என்று வேறு எதைச் சொல்வது?

அங்கே வரைபடம் வரையும் பெண்ணை எல்லோரும் 'ஸ்கேல்' என்று கூப்பிட்டார்கள். ஒல்லியாக இருந்ததால் அல்ல. பேச்சு நேராக இருக்கும் என்பதால். அது பாராட்டு அல்ல என்று அவளுக்குப் புரிய வெகுகாலம் பிடித்தது.

கணினியில் ஒரு கட்டடம் என்பது கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்ததுபோல. சுவர் ஒரு லேயர், தூண் ஒரு லேயர், கதவு ஒரு லேயர். ஒரு லேயரைப் பூட்டிவிட்டால் அதிலுள்ள கோடுகள் மங்கிப்போகும். பார்க்கலாம்; தொட முடியாது. முன்பெல்லாம் அந்த அலுவலகத்தில் எதுவும் பூட்டப்படாமல்தான் கிடந்தது. ஒரு நாள் தலைமைக் கட்டடக் கலைஞரான 'சீஃப்', வந்திருந்த வாடிக்கையாளருக்குத் தாமே படத்தைக் காட்டுகிறேன் என்று மௌஸைப் பிடித்தார். கை தவறி மாடிப்படி லேயர் முழுவதும் காணாமல் போனது. மூன்று மாடி இருந்தது, ஏறத்தான் வழியில்லை. "எளிமைதான் இப்போ ஃபேஷன்" என்று சமாளித்து அனுப்பிவைத்தார். தவறிய கை யாருடையது என்ற அற்ப ஆராய்ச்சியில் நேரத்தை வீணாக்காமல், மறுநாளே மற்ற எல்லோருடைய கைகளையும் கட்டிப்போட முடிவெடுத்தார். தலைவர் என்றால் தொலைநோக்கு வேண்டும்.

இப்படியாக 'லேயர் காப்பாளர்' என்ற பதவி பிறந்தது. தகுதி, திறமை எல்லாவற்றையும் அலசி ஆராய்ந்து, சீஃபுடைய மனைவியின் தம்பி நியமிக்கப்பட்டார். அவருக்கு வரையத் தெரியாது. ஆகவே பாரபட்சம் காட்டமாட்டார்.

அந்த நேரத்தில்தான் அலுவலகத்துக்கு ஒரு பிரசவ மருத்துவமனை வேலை வந்தது. ஸ்கேல் படத்தை இறுதியாகச் சரிபார்த்தபோது, பிரசவ அறையிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் வாசலில் கண் நின்றது. கதவுக்கு எதிரே, தடி மாடு மாதிரி ஒரு தூண். ஆள் ஒருக்களித்து நுழையலாம். ஸ்ட்ரெச்சர் திரும்பாது.

அவள் காப்பாளரிடம் போனாள்.

"சார், தியேட்டர் கதவை இடது பக்கம் கொஞ்சம் தள்ளணும். கதவு லேயரைத் திறந்து விடுறீங்களா?"

"கதவைத் தள்ளுறதா? கதவுன்னா தள்ளத்தானேம்மா செய்வாங்க?"

"அந்தத் தள்ளுறது இல்ல சார். இடம் மாத்தணும். முன்னாடி தூண் நிக்குது."

"தூணும் பூட்டி இருக்கு, கதவும் பூட்டி இருக்கு. அப்போ ரெண்டும் பத்திரமா இருக்குன்னுதானே அர்த்தம்?"

"தூணும் கதவும் பத்திரமாத்தான் இருக்கு சார். நோயாளிதான் உள்ள போக முடியாது."

காப்பாளர் யோசித்தார். "நோயாளி எந்த லேயர்?"

விஷயம் இவ்வளவு ஆழமானது என்று தெரிந்ததும் கூட்டம் கூட்டப்பட்டது. கதவு சீஃப் வைத்தது. தூண், 'கம்பி' என்று அழைக்கப்பட்ட இன்ஜினியர் வைத்தது. இருவரும் படத்தைப் பார்த்தார்கள். தவறு இருப்பதை இருவரும் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்கள்; அது அடுத்தவருடையது என்பதில்தான் சின்ன அபிப்பிராய பேதம்.

"என் தூண் பாட்டுக்கு சிவனேன்னு நிக்குது. கதவுதான் வந்து அது முன்னாடி திறக்குது" என்றார் கம்பி.

"நான் கதவு வெச்சப்போ அங்க தூண் இல்ல."

"நான் தூண் வெச்சப்போ அங்க கதவு இல்ல."

"ஒருத்தர் வேலையில இன்னொருத்தர் தலையிடாம இருந்திருக்கீங்க. அதுக்குத்தானே மாமா… அதாவது, சார்… பூட்டே போட்டோம்?" என்று நெகிழ்ந்தார் காப்பாளர்.

ஸ்கேலுக்குப் பொறுக்கவில்லை. "ஆனா ரெண்டும் ஒரே கட்டடத்துலதானே சார் வரப்போகுது?"

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா" என்றார் சீஃப்.

பூட்டைத் திறப்பது எளிது. ஆனால் யார் தம் லேயரைத் திறக்கிறாரோ, தவறு அவருடையதாகிவிடும். இந்த நுட்பம் அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்திருந்தது. ஆகவே ஒரு நடுவழி காணப்பட்டது. 'கவனத்துக்குரியவை' என்று புதிய லேயர் ஒன்று உண்டாக்கி, தூணையும் கதவையும் சுற்றி மேகம்போல் ஒரு சிவப்பு வளையம் வரைவது. கட்டுபவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஸ்கேல் வரைந்தாள். யாரும் அழித்துவிடக் கூடாதே என்று காப்பாளர் அந்த லேயரையும் பூட்டினார். படத்தை அச்செடுத்தபோது, பளிச்சென்ற தாளில் சிவப்புக் கோடு அபசகுனமாகத் தெரிவதாகச் சீஃப் முகம் சுளித்தார். அந்த லேயர் அச்சில் வராதபடி மறைக்கப்பட்டது. அது மட்டும் உடனே முடிந்தது.

வரைபடம் கட்டுமானத்துக்குப் போகும் நாள். எல்லோரும் டீ குடிக்க இறங்கியிருந்தார்கள். ஸ்கேல் தன் இருக்கையில் தனியாக இருந்தாள். திரையில் அம்புக்குறி அந்த மஞ்சள் பூட்டின்மேல் நின்றது. ஒரு சொடுக்கு. கதவை ஒரு முழம் தள்ளி, மறுபடி ஒரு சொடுக்கு. பூட்டியது பூட்டியபடி இருக்கும். போன மாதம் அனுமதியில்லாமல் ஒரு ஜன்னலைச் சரிசெய்தவர் இப்போது வேறு வேலை தேடிக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது.

பின்னால் செருப்புச் சத்தம். காப்பாளர்.

"என்னம்மா, பூட்டையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல சார். அழகா இருக்கு."

வாழ்க்கையில் முதல்முறையாக அவள் பேச்சு வளைந்தது. காப்பாளர் பூரித்துப்போனார். அந்த ஆண்டு 'பொறுப்புள்ள ஊழியர்' கேடயம் அவளுக்குத்தான்.

மருத்துவமனை வரைபடத்தில் உள்ளபடியே, ஒரு நூல்கூடப் பிசகாமல் எழும்பியது. கட்டுபவர்களும் பொறுப்புள்ளவர்கள், படத்தில் இருந்ததைக் கட்டினார்கள். சிறந்த கட்டடம் என்று விருது வந்தது. சீஃபும் கம்பியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருஷம் ஸ்கேலின் அண்ணிக்கு அங்கேதான் பிரசவம். காலையில் சேர்த்தார்கள். மதியத்துக்குள் குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது, உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். அண்ணன் மருந்து வாங்க ஓடினான். ஸ்கேல் ஸ்ட்ரெச்சரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சர் தூணில் இடித்து நின்றது. நர்ஸ் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"இறங்குங்கம்மா. இந்த இடத்துல மட்டும் நடக்கணும்."

"ஐயோ, என்னால முடியாது சிஸ்டர்!"

"எல்லாரும் இப்படித்தாம்மா போறாங்க. பக்கவாட்டுல திரும்புங்க. வயிறு இடிக்காம."

தூண் நகராது, சுவர் நகராது, கதவு நகராது. அந்த விருது பெற்ற கட்டடம் முழுவதிலும் பூட்டப்படாமல் இருந்தது இடுப்பு வலியில் துடித்துக்கொண்டிருந்த அந்த ஒரு பெண்தான். ஆகவே அவளைத் திருத்தினார்கள். ஸ்கேலின் தோளில் முழுப் பாரத்தையும் போட்டு, தூணைக் கட்டிப் பிடித்து, பல்லைக் கடித்து, அங்குலம் அங்குலமாக நகர்ந்து அவள் உள்ளே போனாள்.

நல்ல வேளை, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பெண் குழந்தை. சாயங்காலம் கண் விழித்த அண்ணி, குழந்தையைப் பார்த்தாள்; பிறகு நாத்தனாரைப் பார்த்தாள்.

"இது உங்க ஆபீஸ்ல போட்ட பிளான்னுதானே சொன்னே?"

"ஆமா அண்ணி."

"அத்தனை பேரு இருந்தீங்களே, அங்க தூண் இடிக்குதுன்னு ஒருத்தர்கூடப் பாக்கலையா?"

"பாத்தோம் அண்ணி. எல்லாருமே பாத்தோம்" என்றாள் ஸ்கேல். "ஆபீஸ்ல ஒருத்தருக்கும் நோகக் கூடாதுன்னு அப்படியே விட்டுட்டோம்."